கீழ்த்தளத்துக் காற்று

செப்டம்பர் 3, திங்கள்
காலை 240. வேலை முடிந்து வந்து 205.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின் ஒரு பிளாஸ்டிக் மீட்டர் கொடுத்திருக்கிறார். மூச்சை நன்றாக இழுத்து, வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதைத் தினமும் இரண்டு வேளை எழுதி வைக்க வேண்டும். என் வயதுக்கும் உயரத்துக்கும் 380 வர வேண்டுமாம். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்றார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுதப் பிடிக்கும். இரண்டு நோட்டு போடுவதாக இருக்கிறேன். டாக்டரிடம் காட்ட ஒன்று. இது எனக்கு.

"வீட்டுல யாராவது புகை பிடிக்கிறாங்களாம்மா?" என்று கேட்டார்.

"அவருங்க. பீடி. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஜவுளிக்கடைல பார்க்கிங்ல டோக்கன் போடறனுங்க. பதினோரு வருசமாச்சு."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பீடியைத்தான் குறித்திருப்பார்.

செப்டம்பர் 4, செவ்வாய்
காலை 235. வேலை முடிந்து 200.

அவரிடம் சொல்லிவிட்டேன். "உங்க பீடிதான் என்ற நெஞ்சுல உக்காந்துட்டு இருக்குது. டாக்டரே கேட்டாங்க." மார்க்கெட்டில் நாளெல்லாம் மூட்டை இறக்கிவிட்டு வந்த மனுஷன், சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்தார்.

செப்டம்பர் 5, புதன். வார விடுமுறை
காலை 245. மாலை 250.

ஒன்பது நாள் கழித்து இன்றுதான் தண்ணீர் விட்டார்கள். எல்லாக் குடமும் பிடித்தேன். மாடிப்படியில் இரண்டு முறை உட்கார வேண்டி வந்தது. யூனிஃபார்ம் சேலைகளை ஊற வைத்தால் தண்ணீர் சாம்பல் நிறமாகிறது. மூன்று அலசல் ஆகியும் அப்படியேதான்.

செப்டம்பர் 6, வியாழன்
250. 205.

செப்டம்பர் 9, ஞாயிறு
230. 180.

முகூர்த்த சீசன். டோக்கன் போடும் என் கண்ணாடிக் கூண்டு கீழ் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. கார்கள் சரிவில் இறங்கி, என் கண்ணாடிக்கு ஓரடி தள்ளி நின்று, டோக்கன் வாங்கிக்கொண்டு போகும். உள்ளே இடமில்லாதபோது வரிசை சரிவு முழுக்க நிற்கும். யாரும் எஞ்சினை அணைப்பதில்லை, ஏசி நின்றுவிடும் என்று. இன்று இரண்டு தடவை கரண்ட் போய் ஜெனரேட்டர் வேறு ஓடியது. அதுவும் அதே தளத்தில்தான் இருக்கிறது.

தலைவலி. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கருப்பு. இது புதிதில்லை, பதினோரு வருடமாக அப்படித்தான்.

செப்டம்பர் 12, புதன். விடுமுறை
235. 245.

பீடிக் கட்டை அவரே குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. பால் வாங்கப் போனபோது தற்செயலாகப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம்.

செப்டம்பர் 17, திங்கள்
225. 180.

பொரிகடலையை மென்றுகொண்டே இருக்கிறார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். இன்று குழம்பில் உப்பு கூட என்று தட்டைத் தள்ளினார். எனக்குக் கோபம் வரவில்லை.

செப்டம்பர் 20, வியாழன்
220. 175.

பீடியை விட்டும் எண் இறங்குகிறது. அப்படியென்றால் ஒளித்துப் பிடிக்கிறார் என்றுதானே அர்த்தம். துவைக்கப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். வெங்காய மூட்டை வாசனைதான் வந்தது. இருந்தும் கேட்டுவிட்டேன்.

"மார்க்கெட்டுல வெச்சுப் புடிக்கறீங்களா?"

"என்ற புள்ள மேல சத்தியம், தொடல."

"அப்பறம் ஏனுங்க எனக்கு கொறையுது?"

"அதை என்னைக் கேட்டா? ஊதறது நீ, பாக்கறது நீ." சட்டையை என் கையிலிருந்து பிடுங்கி அவரே துவைத்துப் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் துவைத்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 24, திங்கள். உடுமலை
காலை 220. மாலை 235.

மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. சனிக்கிழமை வரை லீவு சொல்லிவிட்டு இருவரும் வந்திருக்கிறோம். அவளுக்கு ஏழு மாதம். முகம் உருண்டையாகிவிட்டது.

செப்டம்பர் 26, புதன். உடுமலை
255. 260.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சம்பந்தியோடு உட்கார்ந்து அவர் பீடி பிடித்தார். நான் பார்ப்பது தெரிந்தும் அணைக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை, விசேஷ வீடு. காற்று என் பக்கம்தான் அடித்தது.

செப்டம்பர் 28, வெள்ளி. உடுமலை
270. 280.

நேற்றும் இன்றும் பீடி பிடித்தார். தேன்மொழியோடு கடைவீதி வரை நடந்து போய்த் திரும்பினேன். எங்கேயும் உட்காரவில்லை. "அம்மா, நீ இருமவே இல்ல" என்றாள். உடுமலைக் காற்று நல்ல காற்று என்று சொன்னேன்.

அக்டோபர் 1, திங்கள்
270. 210.

அக்டோபர் 2, செவ்வாய்
235. 190.

ஊரிலிருந்து வந்ததும் அவர் மறுபடி பீடியை விட்டுவிட்டார்.

அக்டோபர் 3, புதன். விடுமுறை
ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய மெஷினிலும் ஊத வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் நஸ்ரின் என் எண்களை ஒரு கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்துச் சேர்த்தார். கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. ஏறிய இடங்களில் பேனாவால் வட்டம் போட்டார்.

"இது என்ன கிழமை?"

"புதனுங்க. லீவு."

"இது?"

"அதுவும் புதனுங்க."

"இந்தப் பெரிய மேடு?"

"மக ஊர்ல இருந்தனுங்க."

"அங்க வீட்டுக்காரர் கூட இருந்தாரா?"

"இருந்தாருங்க. இங்க பன்னண்டாந்தேதி பீடியை விட்டவரு, அங்க புடிச்சாரு."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "இங்க பீடியை விட்ட வாரத்துல உங்களுக்கு எறங்கியிருக்கு. அங்க பக்கத்துலயே புடிச்ச வாரத்துல ஏறியிருக்கு. பீடி நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்தக் கோடு பீடிக் கோடு இல்லம்மா. உங்க கூண்டைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னேன். கண்ணாடிக்கும் வண்டிக்கும் ஓரடி. ஜெனரேட்டர். புகையை வெளியே இழுக்க இரண்டு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு. ஒன்று ஓடி இரண்டு வருடமாகிறது. இன்னொன்று சத்தம் போடுகிறது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"சரியாயிடுமுங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் திரும்ப வரும். வெளிய வந்தீங்கன்னா. மீதி பதினோரு வருசமா உள்ள சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்கியாச்சு. அது போனது போனதுதான். இனி போகாம பாத்துக்கலாம்."

கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னைக் கீழ்த்தளத்திலிருந்து மாற்ற வேண்டும், ஃபேனைச் சரி செய்ய வேண்டும் என்று.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். மூட்டை தூக்கிய களைப்பில் சாயங்காலமே படுத்துவிட்டார். எழுப்பவில்லை.

அக்டோபர் 4, வியாழன்
230. 185.

இன்றும் சொல்லவில்லை. பீடி இல்லாமல் இருப்பது அவருக்கும் நல்லதுதானே.

அக்டோபர் 6, சனி
மேனேஜர் தண்டபாணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார். இதுவரை அவர் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. இரண்டு முறை படித்தார். "பாத்து செய்யலாம்மா. நீங்க நம்ம பழைய ஆளு" என்றார்.

அக்டோபர் 10, புதன்
விடுமுறை நாளில் கூப்பிட்டு அனுப்பினார்கள். தண்டபாணி சார் ஒரு தாளைத் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார்.

"இரண்டாவது மாடி, பேக்கிங் செக்சன். ஏசி. நாளைலிருந்து போலாம். முதலாளிக்கு ஒரு சின்ன பேப்பர் மட்டும் வேணும்."

என் மூச்சுக் கோளாறு வீட்டில் கணவர் பல வருடங்களாகப் பீடி பிடிப்பதால் வந்தது, கடையின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அதில் இருந்தது.

"டாக்டரு அப்படிச் சொல்லலீங்களே."

"வீட்டுல பீடி இருக்குதா இல்லையா? பொய் ஒண்ணுமில்லையே அம்மா. இது இல்லைன்னா மாத்தறதுக்கு எனக்கு வழி இல்ல. நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுக்கற மாதிரி ஆயிடும்."

வீட்டில் பீடி இருந்ததுதான். பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வரும் வழியில் ரவா ஒரு கிலோ, கொத்தமல்லி, அவருக்குப் பொரிகடலை.

அக்டோபர் 11, வியாழன்
235. 240.

வேலைக்குப் போய் வந்தும் இறங்கவில்லை! நாளெல்லாம் சேலையை மடித்துப் பையில் போட வேண்டும். நின்றே இருக்க வேண்டும். இருந்தாலும் குளுகுளுவென்று இருக்கிறது.

கூண்டுக்கு சுகந்தியைப் போட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக எல்லா மாடியையும் கூட்டித் துடைத்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், அம்மாவோடு இருக்கிறாள். மாடிக்கு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாற்காலி அக்கா! உக்காந்துட்டே வேலை. முட்டி வலியோட நான் வேண்டாத சாமியில்ல. உங்களாலதான்."

நான் அவளுக்கு எதுவும் செய்யவில்லை என்றேன். அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 15, திங்கள்
250. 250.

அக்டோபர் 18, வியாழன். ஆயுத பூஜை
255. 245.

எல்லாத் தளத்துக்கும் பொரி, சுண்டல் கொடுக்கச் சொன்னார்கள். கீழ் இரண்டாம் தளத்துக்கு நானே எடுத்துப் போனேன். ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். எட்டு நாளில் எனக்கு அந்தக் காற்று மறந்துவிட்டது போலிருக்கிறது, சரிவில் இறங்கும்போதே தொண்டையைப் பிடித்தது. இதிலா பதினோரு வருடம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்?

சுகந்தியின் கண் சிவந்திருந்தது.

"தலை வலிக்குதா?"

"சாயங்காலமானா வலிக்குது அக்கா. பழகிரும்னு செக்யூரிட்டி அண்ணன் சொன்னாரு."

"பழகாது. இந்த இடம் வேண்டாம் சுகந்தி. என்ற நெஞ்சு கெட்டது இங்கதான்."

அவள் முகம் மாறிவிட்டது. "உங்க வீட்டுக்காரரு பீடியாலன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே. மேனேஜர் சொன்னாரு. நீங்க மேல ஏசில நிக்கறீங்க, நான் உக்கார்றது பொறுக்கலையா அக்கா?"

சுண்டலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, திங்கள்
255. 250. மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு
250. 215.

தீபாவளிக்கு முந்தின கடைசி ஞாயிறு அடுத்த வாரம் என்றாலும், கூட்டம் இன்றே மூன்று மாடியிலும் நிரம்பி வழிந்தது. நாலு மணிவாக்கில் கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியது. பையெடுக்கக் கீழ்த்தள ஸ்டோருக்குப் போனபோது பின்படியில் சுகந்தி சாய்ந்து கிடந்தாள். சேலையெல்லாம் வாந்தி. கன்னம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. கூப்பிட்டால் குழறினாள்.

அவளைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அந்த இருபது படி ஏறுவதற்குள் எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்டபாணி சார் ஒரு சோடாவோடு வந்தார். "மதியம் சாப்பிடலையா? வெறும் வயிறு. குடிச்சுட்டுப் பத்து நிமிசம் கழிச்சு எறங்கும்மா. வண்டி நிக்குது."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமுங்க சார்" என்றேன்.

"நீங்க மேல போங்க திலகமணிம்மா. பேக்கிங்ல வரிசை நிக்குது."

சுகந்தி சோடாவைக் குடித்தாள். எழுந்தாள். சரிவில் இறங்கிப் போனாள். நான் மேலே போனேன்.

அக்டோபர் 29, திங்கள்
அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் போட்ட கோட்டையும், நான் கையெழுத்துப் போட்ட தாளையும், சுகந்தி விழுந்து கிடந்ததையும்.

கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப நான்தான் உன்னைக் கொன்னுட்டு இருக்கறன்னு எழுதிக் குடுத்துட்டே."

"அப்படி இல்லீங்க."

"மூணாந்தேதியே தெரியும் உனக்கு. இருவத்தாறு நாளு. மூட்டையைத் தூக்கறப்பெல்லாம் நெனப்பேன், பாவி, கட்டுனவளைப் பொசுக்கிட்டமேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா எறக்கி வெச்சிருப்பேன்."

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அவர் அம்மா போனபோதுதான். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை எனக்கு. தோசை ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

அக்டோபர் 30, செவ்வாய்
250. 245.

காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றபடி சொன்னார். "அந்தப் புள்ளைக்கு எழுதிக் குடுக்க ஆளில்ல. நீ எழுது. எங்க போவோணுமோ நானும் வாரேன்."

நவம்பர் 6, செவ்வாய். தீபாவளி
245. 250.

கோடித்துணி எடுக்கவில்லை. பட்டாசுப் புகைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தோம்.

நவம்பர் 8, வியாழன்
தீபாவளிக்குக் கடைக்கு மூன்று நாள் விடுமுறை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். மனுவை நானே எழுதினேன், நான்கு பக்கம். ஃபேன் இரண்டும் ஓடாதது, ஜெனரேட்டர், சுகந்தி விழுந்தது. மேலும், நான் முன்பு கையெழுத்திட்ட தாள் உண்மையல்ல, வேலை போய்விடும் என்ற பயத்தில் போட்டது என்று எழுதினேன். டாக்டர் நஸ்ரினின் சான்றையும், செப்டம்பர் முதல் உள்ள எண்களின் நகலையும் இணைத்தேன். என் வீட்டுக்காரர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். 'சி. ஆறுச்சாமி' என்று ஒவ்வோர் எழுத்தாக.

படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்குகிறதென்று நினைத்திருப்பார்.

நவம்பர் 19, திங்கள்
அலுவலகத்திலிருந்து கடைக்குக் கடிதம் போயிருக்கிறது. தண்டபாணி சார் இம்முறை உட்காரச் சொல்லவில்லை.

"பீடின்னு ஒரு பேப்பர், பார்க்கிங்னு ஒரு பேப்பர். எதும்மா நெசம்? இப்படி மாத்தி மாத்திப் பேசற ஆளை வெச்சுட்டு நான் எப்படிக் கடை நடத்தறது?"

நாளையிலிருந்து வர வேண்டாம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பேக்கிங்கில் இருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நவம்பர் 25, ஞாயிறு
255. 255.

டிசம்பர் 5, புதன்
260. 255.

இப்போது எல்லா நாளும் ஒரே மாதிரி. டாக்டர் இரண்டு மாத எண்ணையும் பார்த்தார். "நல்லா நிக்குது" என்றார்.

"380-க்குப் போகாதுங்களா?"

"இதுதாம்மா உங்க உயரம் இனி. இன்ஹேலர் மருந்தை விடாம இழுங்க. குளிர்ல வெளிய போகாதீங்க."

தேன்மொழிக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ. பிரசவத்துக்கு அழைத்து வந்து மூன்று மாதம் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த மாடி ஏற முடியாது என்னால். "அங்கேயே இருக்கட்டும், மாமியார் நல்லவங்க" என்று போனில் சொன்னேன். "சரிம்மா" என்றாள்.

டிசம்பர் 11, செவ்வாய்
பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே நல்ல பனி.

டிசம்பர் 16, ஞாயிறு
255. மாலை ஊதவில்லை.

நான்கு மணிக்குக் கதவு தட்டினார்கள். சுகந்தி. அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கெழமை அதிகாரி வந்தாரு அக்கா."

"என்ன ஆச்சு?"

"முந்தின நாளே ஆள் வந்து ரெண்டு ஃபேனையும் ஓட்டிட்டாங்க. கீழ ஒரு வண்டி விடல, எல்லாத்தையும் ரோட்டுலயே நிறுத்திட்டாங்க. என்னைக் கேட்டாரு, உனக்கு எதாவது தொந்தரவு இருக்குதாம்மான்னு. மேனேஜர் பக்கத்துலயே நின்னாரு." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு விழுந்தது பசில விழுந்தேன்னு சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க. அம்மாவுக்கு வேற ஆளில்ல அக்கா."

"ஃபேன் இப்ப ஓடுதா?"

"அவரு காரு கௌம்புனதும் நிறுத்திட்டாங்க."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறாள். வரவில்லை. அந்தத் தாளை எப்படி நீட்டியிருப்பார்கள், பேனா மூடியை யார் கழற்றிக் கொடுத்திருப்பார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

"நானுந்தான் போட்டேன்" என்றேன். "நான் அன்னிக்குப் போடாம இருந்திருந்தா உன்னை அங்க உக்கார வெச்சிருக்க மாட்டாங்க."

அவள் அழுதாள். டீ போட்டேன். பாதி குடிக்கும்போது இருமினாள், சளி இல்லாத வறட்டு இருமல், விட்டு விட்டு நான்கு தடவை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குளிருக்கு" என்றாள். நானும் இரண்டு குளிர்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு லீவு என்னிக்கு?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கெழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டரம்மா நல்லவங்க. சும்மா ஊதிப் பாக்கறது மட்டுந்தான்."

"கடைக்குத் தெரிஞ்சா?"

"நான் சொல்லமாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். "அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன் அக்கா" என்றாள். மாடிப்படி மூன்றையும் இறங்கும்வரை இருமல் கேட்டது.

டிசம்பர் 18, செவ்வாய்
ஒன்பது மணியிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பனிக்காற்று, சால்வையை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் வரவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்
கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று இரண்டு செவ்வாயும் ஆஸ்பத்திரி விடுமுறை.
அவரும் இன்று கூட வந்து நின்றார். பத்தரைக்கு சுகந்தி வந்தாள்.